உச்சிவெயிலை வரைதல்

மார்ச் மாதம் இருபதாம் தேதியை ஒட்டிய ஒரு நாள், பகல் ஒன்றேகாலுக்குச் சற்று முன், ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து நின்று உங்கள் நிழலைத் தேடிப் பாருங்கள். அது செருப்புக்கடியில் பதுங்கியிருக்கும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருக்கிறது. அந்த நாள்களில் சூரியன் அநேகமாக நேர் உச்சந்தலைக்கு வந்துவிடும். (உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வராமல் ஒரு மணி தாண்டி வருவது ஏன் என்று கேட்பவர்களுக்கு: இந்தத் தீவின் கடிகாரம் அதன் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னே ஓடுகிறது.)

சாலையோரம் முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு கட்டடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அதன் நிழல் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதே உயரக் கட்டடம் பாரிஸ் நகரில் டிசம்பர் மாத நண்பகலில் தொண்ணூறு மீட்டருக்கு மேல் நிழல் விழுத்தும். அங்கே குளிர்காலச் சூரியன் உச்சிப்பொழுதிலும் அடிவானத்திலிருந்து பதினெட்டுப் பாகைதான் ஏறுகிறது. இந்த இரண்டு நிழல்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், எதிர்கால நகரங்களைக் காட்டும் ஓவியங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

ஏனென்றால் நாம் பார்த்து வளர்ந்த எதிர்கால நகரப் படங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கைகள் வரைந்தவை. 1914இல் இத்தாலியின் அந்தோனியோ சாந்த் எலியா 'புதிய நகரம்' என்ற தலைப்பில் வரைந்த கோபுரங்களும் மேம்பாலங்களும் அப்படிப்பட்டவை. 1922இல் பாரிசில் லெ கொர்புசியே முப்பது லட்சம் பேருக்கான ஒரு நகரத்தை வரைந்து காட்சிக்கு வைத்தார். நடுவில் அறுபது மாடிக் கோபுரங்கள் இருபத்து நான்கு. அவற்றுக்கிடையே பரந்த வெட்டவெளி. வெயிலுக்கு ஏங்கும் ஊருக்கு அந்த வெட்டவெளி வரம். ஜாலான் புசாரில் அதே வெட்டவெளி ஓர் அடுப்பு. பிற்பாடு சண்டிகரில் கட்டடம் எழுப்ப வந்தபோது லெ கொர்புசியேவே முகப்புகளின் மேல் ஆழமான கான்கிரீட் நிழல்தடுப்புகளைப் பொருத்த வேண்டியிருந்தது. வெயில் அவருடைய கோட்டை மாற்றியது. இருந்தாலும் அவர் முதலில் வரைந்த படம்தான் உலகம் சுற்றியது. இன்றைக்கும் அடுக்குமாடி விளம்பரப் பலகைகளில் கண்ணாடிக் கோபுரமும் வெறும் புல்வெளியும் பளபளக்கும்போது அந்தப் பாரிஸ் படத்தின் வாரிசைத்தான் நாம் பார்க்கிறோம்.

சிங்கப்பூரின் முதல் எதிர்காலப் படம் அந்தப் பாரிஸ் படத்தைவிட ஏறத்தாழ நூறு ஆண்டு மூத்தது. 1822இல் ராஃபிள்ஸ் அமைத்த நகரக் குழுவின் திட்டத்தை லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைபடமாக்கினார். 1828இல் அது லண்டனில் அச்சானது. அன்றைய ஊரைக் காட்டும் படம் என்று அதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் இருக்கும் நேரான வீதிகளும் சதுரக் கட்டங்களும் பெரும்பகுதி அப்போது தரையில் இல்லை. அது ஓர் ஆசையின் படம். நம்மவர்களுக்கும் அதில் ஓர் இடம் குறிக்கப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியில் 'சூலியா கம்பம்' என்று எழுதி ஒரு கட்டம் போட்டார்கள். தமிழர்கள் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. பிழைப்பு இருந்த இடத்துக்குப் போனார்கள்: ஆற்றங்கரைக்கு, சந்தைக்கு, பிறகு மாடும் சுண்ணாம்பும் இருந்த சிராங்கூன் சாலைக்கு. நம் ஜாலான் புசார் அப்போது சதுப்பு நிலம்.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு வாக்கியம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு தாழ்வாரம் வேண்டும், அது தெருவின் இருபுறமும் தொடர்ச்சியாக, கூரையுள்ள பாதையாக எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று ராஃபிள்ஸ் விதித்தார். அதைத்தான் நாம் அஞ்சடி என்கிறோம். மலாயில் 'காக்கி லிமா'. தமிழ்நாட்டுத் திண்ணைக்கு இது உறவு என்றாலும் ஒரு வேறுபாடு முக்கியமானது. திண்ணை வீட்டுக்காரர் வழிப்போக்கருக்குத் தரும் இடம். அஞ்சடி, வழிப்போக்கருக்குச் சட்டம் வாங்கித் தந்த இடம். அந்தச் சட்டம் சும்மா நிலைக்கவில்லை. கடைக்காரர்கள் அங்கே சரக்கை அடுக்கினார்கள், நகராட்சி அகற்றச் சொன்னது, 1888இல் அது கலவரமாகவே வெடித்தது. நிழலுக்காக ஊர் அடித்துக்கொண்டது என்று அந்தச் சம்பவத்தைப் படிக்கத் தோன்றுகிறது எனக்கு.

அஞ்சடியின் அறிவியலைப் பார்க்க பெட்டேன் சாலைக்கு வாருங்கள். ஜாலான் புசாரிலிருந்து பிரியும் சின்னத் தெரு. பக்கத்துத் தெருக்கள் பலவும் முதல் உலகப்போரின் தளபதிகள், போர்க்களங்களின் பெயரைத் தாங்கியவை: கிச்சனர், ஃபோஷ், மார்ன், சோம். எதிர்காலம் இந்தப் பெயர்களை மறக்காது என்று அன்றைய நகராட்சி நம்பியிருக்கிறது. தெருவின் ஒரு பக்கம் 1930இல் எழுந்த பதினெட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. தூண்களின் உடல் முழுக்கப் பூ வார்த்த பீங்கான் ஓடுகள். இளஞ்சிவப்பு ரோஜா, பச்சை இலை. தூண் உச்சியில் சுதையில் கொடியும் பறவையும்.

ஓர் உச்சிப்பொழுதில் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். தார்ச்சாலையின் ஓரத்தில் மூன்று எண்ணுவதற்குள் பாதத்தைத் தூக்க வேண்டியிருந்தது. இரண்டு எட்டு வைத்து அஞ்சடிக்குள் ஏறினால் தரை ஓடு குளிர்ந்த பானையின் வயிற்றைப்போல் இருந்தது. இரண்டு இடத்திலும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு எட்டில் காற்று மாறிவிடாது. மாறியது கதிர்வீச்சு. தெளிந்த வானத்தில் உச்சிச் சூரியன் ஒரு சதுர மீட்டர் கிடைத்தளத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. அதை வாங்கிச் சூடேறும் தார், மறுபடியும் அகச்சிவப்புக் கதிராக நம் கால்களை நோக்கி வீசுகிறது. மேலிருந்து ஒரு சூடு, கீழிருந்து ஒரு சூடு. அஞ்சடி இரண்டையும் ஒரே கூரையால் வெட்டிவிடுகிறது. நமது வானிலை அறிக்கை சொல்லும் எண், நிழலில் இருக்கும் காற்றின் எண். வெயிலில் நிற்பவரின் உடம்பு அறியும் எண் வேறு.

இதை அளக்க ஒரு முறை இருக்கிறது. ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்று பெயர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, வியர்வை எவ்வளவு உலரும் என்பதைச் சொல்லும். அதற்கு ஏழு பங்கு. கறுப்புப் பூச்சுள்ள உலோகக் கோளம் கதிர்வீச்சை வாங்கிக் காட்டும். அதற்கு இரண்டு பங்கு. சாதாரண வெப்பமானிக்கு ஒரு பங்குதான். 2023 அக்டோபரிலிருந்து சிங்கப்பூரில் இந்த அளவு 32 பாகையைத் தொட்டால், வெட்டவெளியில் கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்கு குறைந்தது பத்து நிமிடம் ஓய்வு தரவேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்திருக்கிறது. அந்த ஓய்வை நிழலில்தான் எடுக்க முடியும். எதிர்கால நகரத்தைக் கட்டிக்கொண்டிருப்பவரின் உடம்பு நிகழ்காலத்தில் அளக்கப்படுகிறது என்பது என்னை மிகவும் யோசிக்கவைத்த செய்தி.

அந்தக் காலச் சுவர்களிலும் நம்மவர் கைவண்ணம் உண்டு. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியக் கைதிகள் கட்டினார்கள். அதன் உட்சுவருக்கு 'மதராஸ் சுண்ணாம்பு' பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய்மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டவர்களுக்கு இந்த வழுவழுப்பு தெரியும். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தபடியால் தமிழர்கள் அந்த இடத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே அழைத்தார்கள்; வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் அந்தப் பெயர்தான் வழங்கியது. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மறுபடி கல்லாகிறது. ஆனால் நுண்துளைகள் மிச்சமிருக்கும். சுவருக்குள் ஏறும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். பழைய கடைவீட்டின் மேல் இன்றைய பிளாஸ்டிக் வகைச் சாயத்தை அடித்தால் அந்தத் துளைகள் அடைபட்டு ஈரம் உள்ளேயே தங்கி, சில ஆண்டுகளில் பூச்சு உப்பிக் கழன்றுவிடும். சதுப்பைத் தூர்த்து எழுந்த வட்டாரத்தில் இது பெரிய விஷயம்.

பழையதெல்லாம் நல்லது என்று சொல்லவரவில்லை. கடைவீட்டுத் தெருவுக்கு ஒரு பலவீனம் உண்டு, அது இரவில் தெரியும். பகலில் வாங்கிய சூட்டைச் சுவரும் சாலையும் இரவில் வானத்துக்குத் திருப்பித் தரவேண்டும். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவுதான் வெப்பம் வெளியேறும் வாசல். ஒடுக்கமான தெருவில் அந்த வாசல் சிறியது. எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் சூட்டை ஒன்று வாங்கிக்கொள்ளும். போதாக்குறைக்குப் பின்சந்துகளில் குளிர்சாதன இயந்திரங்கள் அறைச் சூட்டை வெளியே ஊதிக்கொண்டிருக்கும். டெஸ்கர் சாலையின் பின்சந்தில் இரவு பத்து மணிக்கு நடந்தால் முகத்தில் அறையும் காற்று அதுதான். சிங்கப்பூரில் நகர மையத்துக்கும் மரமடர்ந்த புறப்பகுதிக்கும் இடையே இரவில் அதிகபட்சமாக 7 பாகை வரை வேறுபாடு பதிவாகியிருக்கிறது. பகலில் நம்மைக் காப்பாற்றும் நெருக்கமே இரவில் நம்மைப் புழுங்கவைக்கிறது. காற்றோட்டமும் மரமும் இல்லாமல் நிழல் மட்டும் போதாது.

எதிர்காலத்தைத் தாளில் வரைபவர்கள் எதையாவது விட்டுவிடுவார்கள். சில சமயம் விடுபடுவது வெயில். ஒரு முறை விடுபட்டது எடை. 1986 மார்ச் 15ஆம் தேதி, சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சேரும் முனையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று ஒரு நிமிடத்துக்குள் இடிந்து தரையோடு தரையானது. ஹோட்டல் நியூ வோர்ல்ட். 33 பேர் இறந்தார்கள்; 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அப்போது எம்ஆர்டிக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இடிபாட்டுக்கு அடியில் வழி குடைந்து உதவினார்கள். பின்னர் நடந்த விசாரணை, கட்டமைப்புக் கணக்கில் ஒரு பிழையைக் கண்டது. உள்ளே வந்துபோகும் மனிதர்கள், மேசை நாற்காலிகளின் எடை சேர்க்கப்பட்டிருந்தது. கட்டடத்தின் சொந்த எடை, அந்தக் கான்கிரீட்டும் செங்கலும் சேர்ந்த எடை, சேர்க்கப்படவே இல்லை. கான்கிரீட் கட்டடத்தில் பெரும்பாலும் அதுதான் பெரிய பங்கு. கட்டடம் எழுந்த 1971 முதலே தூண்கள் தங்கள் வலுவின் விளிம்பிலேயே நின்றிருக்கின்றன. 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், வரைந்தவரின் கணக்கை இன்னொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்றது. எழுந்த கட்டடங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை சோதிக்கவும் வழி செய்தது. ஃபேரர் பார்க் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்குத் தாள் நினைவுக்கு வரும்.

எடைக்குச் சரிபார்ப்பவர் வந்துவிட்டார். வெயிலுக்கு? அந்தக் கேள்வியை இந்த ஊரில் உரக்கக் கேட்டவர் கட்டடக் கலைஞர் டே கெங் சூன். 1965இல் அவரும் வில்லியம் லிம் முதலானோரும் 'ஸ்பர்' என்ற குழுவைத் தொடங்கி, ஆசிய நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியும் வரைந்தும் விவாதித்தார்கள். அவர்களுடைய நிறுவனம் கற்பனையைக் கான்கிரீட்டாகவும் ஆக்கியது. ஜாலான் புசாரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பீச் சாலையில், 1973இல் எழுந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் நிற்கிறது. பதினாறு மாடி. கடல் பார்த்த பக்கம் படிக்கட்டுபோல் பின்வாங்கிப் பின்வாங்கி ஏறுகிறது. கீழே கடை, மேலே அலுவலகம், அதற்கும் மேலே வீடு என்று அமைத்திருந்தார்கள். ஒரு தெருவையே நிமிர்த்தி நிறுத்தியதுபோல. 2021இல் அரசு அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தது.

டே கெங் சூனின் பெரிய கனவு அதற்குப் பின்னால் வந்தது. வெப்பமண்டலப் பெருநகரங்களுக்கு எனத் தனிக் கட்டடக்கலை வேண்டும் என்று 1989இல் ஒரு நூல் எழுதினார். அந்தக் காலத்திலேயே காம்போங் பூகிசுக்கு ஒரு மாற்றுத் திட்டமும் வரையப்பட்டது. ஜாலான் புசாரிலிருந்து லாவண்டர் தெரு வழியே காலாங் ஆற்றுப் பக்கம் இறங்கினால் வரும் நிலம் அது. 1862 முதல் 1998 வரை எரிவாயு ஆலை இருந்த பகுதி. அவர் குழுவின் படங்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கோபுரம் இல்லை, மேலே விரிந்த நிழல். கட்டடங்களை இணைக்கும் சட்டப்பலகைக் கூரைகள், மாடிகளில் தொங்கும் செடிகள், பல மட்டங்களில் நடைபாதைகள். அவருடைய சிந்தனையைப் பற்றி 1997இல் வந்த நூலின் தலைப்பே கோடு, விளிம்பு, நிழல் என்று போகிறது. குளிர்நாட்டுக் கட்டடக்கலை சுவரும் கனமுமாகப் பேசும். நம் வெயிலுக்கு மெல்லிய கோடுகளும் நீண்ட விளிம்புகளும் வேண்டும் என்பது அவர் வாதம். பனையோலைக் கீற்றை முன்னால் சாய்த்துக் கடை போட்ட எந்த ஊர் வியாபாரிக்கும் இந்த வாதம் உடனே விளங்கும்.

அந்தத் திட்டம் கட்டப்படவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் படம் தோற்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை. இன்று சிங்கப்பூரில் செடி வழியும் மாடிகளும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குகளை எம்ஆர்டியோடு இணைக்கும் கூரைப் பாதைகளும் சாதாரணமாகிவிட்டன. 2017இல் முடிந்த காம்போங் அட்மிரல்டியில் முதியோர் வீடு, மருத்துவ நிலையம், உணவங்காடி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உச்சியில் தோட்டம் இருக்கிறது. கீழே உள்ள பொதுவெளி முழுக்க மேல்மாடிகளின் நிழலில் கிடக்கிறது.

மெக்ஸ்வெல் சாலையில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் காட்சிக்கூடத்தில் நகர மையத்தின் பெரிய மாதிரி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். விரல்நகம் அளவில் கடைவீட்டுக் கூரைகள், கையளவு கோபுரங்கள். விளக்குகள் மாறிமாறி எரிந்து பகல் இரவாகும். அதன் முன் நெடுநேரம் நின்று வீரமாகாளியம்மன் கோயிலையும் தேக்கா வட்டாரத்தையும் தேடியிருக்கிறேன். எவ்வளவு நுணுக்கமான மாதிரி என்றாலும் அதில் காற்று வீசாது, மழை பெய்யாது, தார் சுடாது.

கணினிக்குள் இருக்கும் மாதிரிகளில் அவை உண்டு. 2014இல் அறிவிக்கப்பட்ட 'வெர்ச்சுவல் சிங்கப்பூர்' தீவு முழுவதையும் முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் முயற்சி. 2017இல் தொடங்கிய 'கூலிங் சிங்கப்பூர்' ஆய்வுத்திட்டம் நகரத்தின் வெப்பத்துக்கே ஒரு கணினி இரட்டையை உருவாக்க முனைந்தது. காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேகம், ஈரம், சூடு எப்படி அடுத்த கட்டத்துக்குப் போகிறது என்று கணக்கிடுவார்கள். ஒரு புளோக்கைப் பத்துப் பாகை திருப்பினால் பின்னால் உள்ள விளையாட்டுத் திடலுக்குக் காற்று கிடைக்குமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே பார்க்கலாம். தெங்கா புதுநகரை வடிவமைத்தபோது இப்படிப்பட்ட கணினிக் காற்றும் பயன்பட்டது. வரைபடத்துக்குள் கடைசியில் வானிலை வந்துவிட்டது. இதை நான் கலையின் வளர்ச்சியாகவே பார்க்கிறேன். நீலமும் சிவப்புமாக அந்தத் திரையில் ஓடும் காற்றுக்கோடுகள் நல்ல ஓவியத்துக்குச் சற்றும் குறைந்தவை இல்லை.

ஓவியம் என்றதும் லிட்டில் இந்தியாவின் சுவரோவியங்கள் நினைவுக்கு வரும். கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டிய டான் டெங் நியாவின் வீடு, வானவில்லைக் கொட்டியதுபோல் நிற்கிறது. சுற்றுப்பயணிகள் படமெடுக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நிறம் சுவரின் சூட்டை முழுதாகச் சொல்லாது. சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் வருகிறது. ஆகவே ஒரே நீலமாகத் தோன்றும் இரண்டு சுவர்களில் ஒன்று கொதிக்கலாம், மற்றது மிதமாக இருக்கலாம். கண்ணுக்கு நீலத்தைக் காட்டிக்கொண்டே அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும் நிறமிகள் இப்போது இருக்கின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீவின் மேற்கே ஒரு தொழிற்பேட்டையில் கூரை, சுவர், சாலை மூன்றுக்கும் இத்தகைய குளிர்ச்சிப் பூச்சு அடித்துப் பார்த்தார்கள். நடப்பவர் உணரும் வெப்பம் 1.5 பாகை வரை குறைந்ததாக 2024இல் வெளியிட்டார்கள். சுவரோவியம் தீட்டுபவர் தூரிகையை நனைக்கும் முன் எந்தப் பூச்சு என்று இயற்பியலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால், அந்தச் சந்தில் நடப்பவருக்கு அதன் பலன் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மறுபடியும் ஜாலான் புசாரில் இருந்தேன். விடுமுறை நாள். கட்டுமானத் தளங்களிலிருந்து வந்த வெளிநாட்டு ஊழியர்கள், தஞ்சாவூர்த் தமிழும் வங்காளமும் கலந்து பேசியபடி, கிழக்குச் சாரி அஞ்சடியின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வீட்டோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்திலிருப்பவருக்கு நீட்டினார். சூரியன் மேற்கே சாயச் சாய வெயில் தூண்களுக்கிடையே புகுந்து, முதலில் செருப்புகளை, பிறகு முழங்கால்களைத் தொட்டது. கால்களை மடக்கினார்கள். சுவரோரம் நகர்ந்தார்கள். முதலில் இரண்டு பேர் எழுந்து சாலையைக் கடந்தார்கள், பிறகு நாலைந்து பேர். ஐந்து மணிக்குக் கிழக்குச் சாரி காலியாகி, எல்லோரும் எதிர்ச்சாரி அஞ்சடியில் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.